இல்லத்தில் ஸுகூன்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமான ஸூரத்துந் நஹ்லில், தான் மனிதனுக்குச் செய்த உபகாரங்களை அல்லாஹ் தஆலா வரிசையாக எடுத்துரைக்கின்றான். மழை, பால், தேன், மனைவி மக்கள் என்று சொல்லி வந்து, 80ஆம் வசனத்தில் வீட்டைச் சொல்கின்றான். மனிதர்களின் வீடுகளை அவர்களுக்கு ‘ஸகன்’ ஆக ஆக்கியவன் தானே என்பது அதன் கருத்து.

இந்த ‘ஸகன்’ என்ற சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஸீன், காஃப், நூன் என்ற மூன்று எழுத்துக்கள் இதன் வேர். அசைவு ஓய்ந்து அடங்குவது மூலப் பொருள். மக்தபில் ஓதும் சிறு பிள்ளைக்கும் ‘ஸுகூன்’ தெரியும். எழுத்தின் மேல் அந்தக் குறி வந்துவிட்டால் அவ்வெழுத்து அசையாமல் நிற்கும். குடியிருக்கும் இடத்துக்கு ‘மஸ்கன்’ என்பதும், உள்ளத்தில் இறங்கும் அமைதிக்கு ‘ஸகீனத்’ என்பதும், கணவன் மனைவிக்குத் தந்தாக வேண்டிய குடியிருப்பு உரிமைக்கு ஃபிக்ஹு நூல்களில் ‘ஸுக்னா’ என்பதும் இந்த ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ‘வீடு’ என்ற நம் தமிழ்ச் சொல்லும் ‘விடு’ என்பதிலிருந்து வந்ததாகவே சொல்வர். வெளியே உள்ள அலைச்சலையெல்லாம் விட்டுவிட்டு வந்து சேருமிடம் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

ஆக, சுவரும் கூரையும் இருந்தால் கட்டடம் முடிந்தது. அதில் குடியிருப்பவரின் அலைச்சல் ஓய்ந்தால்தான் அது மஸ்கன். குடியிருப்பவர் என்றால் யார்? வாடகை கொடுக்கும் ஆண் மட்டுமா? அந்த வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். நேற்று வந்த மருமகளாக இருக்கலாம், கண் மங்கிய மாமியாராக இருக்கலாம், வேலைக்கு நிற்கும் சிறுமியாக இருக்கலாம். அவருக்கு அங்கே நிம்மதி உண்டா? ஒரு வீட்டை எடை போட நாம் வைத்திருக்கும் தராசு இதுதான்.

பொதுவாகப் பேசினால் இது வெறும் உபதேசமாகிவிடும். ஓர் ஊரை வைத்தே பேசுவோம். மேற்சொன்ன வசனத்தை அடுத்த 81ஆம் வசனத்தில், மலைகளில் ஒதுங்குமிடங்களைத் தந்ததையும் அல்லாஹ் ஓர் அருட்கொடையாகக் கூறுகின்றான். எனவே மலையூரையே எடுத்துக் கொள்வோம். சேலத்துக்கு மேலே, சேர்வராயன் மலையில் இருக்கின்றது ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. கீழே சேலத்தில் வீடு பார்ப்பவர் முதலில் காற்று வருமா என்று கேட்பார். மேலே வந்தவர் குளிர் அடிக்குமா என்று கேட்பார்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின் தோட்ட முதலாளிகளின் பங்களாக்கள் எழுந்தன. தொழிலாளருக்கு வரிசை வரிசையாக லயன் வீடுகள் வந்தன. தோட்டத்தில் தங்கி உழைப்பவருக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இவர்கள் யாவருக்கும் முன்பே இம்மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள். மண் சுவரும் தடித்த புல் கூரையுமாக அவர்கள் கட்டிய தாழ்வான வீடுகள் குளிரை எவ்வளவு அழகாகத் தடுத்தன என்பதை, சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்து நடுங்குகிறவர்தான் அறிவார்!

நம்மவர்கள் இங்கே கடை வைத்தும், தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தும், பள்ளிக்கூடங்களில் பணி செய்தும் வாழ்கின்றனர். பெரும்பாலோருக்கு வாடகை வீடு. அவர்களிடம் பேசும்போது ஒரு குறையை அடிக்கடி கேட்கிறோம். “ஹஜ்ரத், வீடு ஒட்ட மாட்டேன் என்கிறது.” மூன்று வருடமாகக் குடியிருப்பார்கள். கீழேயிருந்து கட்டிக்கொண்டு வந்த பெட்டியில் பாதி இன்னும் அவிழ்க்காமல் கிடக்கும். கேட்டால், “இதென்ன நம் சொந்த வீடா?” என்பார்கள்.

அந்த 80ஆம் வசனத்தையே முழுதாக ஓதினால் இதற்குப் பதில் இருக்கின்றது. அதில் அல்லாஹ் கல் வீட்டோடு நிறுத்தவில்லை. பயணத்தில் சுலபமாகச் சுருட்டித் தூக்கிச் செல்லும் தோல் கூடாரத்தையும் அதே ‘வீடு’ என்ற சொல்லால்தான் குறிப்பிடுகின்றான். இன்று அடித்து நாளை பிடுங்கும் கூடாரம் வீடு என்றால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் எடுத்த வீடு ஏன் வீடாகாது? ஆகவே பெட்டியை அவிழுங்கள்.

வீடு சிறியது என்பதும் ஒரு குறை. விசாலமான வீடு மனிதனின் பாக்கியங்களில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கின்றார்கள். வீட்டில் விசாலத்தைக் கேட்டு துஆவும் செய்திருக்கின்றார்கள். எனவே பெரிய வீட்டை விரும்புவது குற்றமல்ல. ஆனால் அப்படிக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகள் எப்படி இருந்தன? இளம் வயதில் அவற்றுள் நுழைந்த ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள், கையை உயர்த்தினால் கூரையைத் தொட முடிந்தது என்கின்றார்கள். ஹிஜ்ரி 88ல் கலீஃபா வலீதின் உத்தரவின்படி, மஸ்ஜிதை விரிவாக்க அந்த அறைகளை இடித்தபோது மதீனாவாசிகள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டு வைத்திருக்கலாகாதா, பின்னால் வருகிறவர்கள் பார்த்துப் போதுமென்ற மனத்தைக் கற்பார்களே என்று ஸயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) அவர்கள் ஏங்கினார்கள்.

சாமான்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. விரிப்புகளைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகின்றது. ஆணுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. நான்காவது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. பிள்ளைகளுக்கு வேண்டியதை இது தடுக்கவில்லை, தேவைக்கு மேல் பெருமைக்குச் சேர்ப்பதையே கண்டிக்கின்றது என்று உலமாக்கள் விளக்குகின்றனர். ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்ததும், நாயகம் (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததும் பலரும் கேட்ட செய்தி. அதன் கடைசிப் பகுதியைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். அந்தத் துணி வீணாக்கப்படவில்லை. அதைக் கிழித்துத் தலையணை செய்து கொண்டார்கள். சுவரில் பகட்டாகத் தொங்கியது சாய்ந்து கொள்ளப் பயன்பட்டது. நம் தாய்மார்கள் இதைச் சிந்திக்கட்டும்.

மலை வீட்டுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கனத்த திரைகளும் சுவரோடு ஒட்டிய அலமாரிகளும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். பின்னால் பூஞ்சணம் படரும். குர்ஆன் ஷரீஃபின் அட்டையிலும் முஸல்லாவின் ஓரத்திலும் அது படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கின்றோம். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். வெயில் தலை காட்டும் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து, விரிப்புகளையும் முஸல்லாவையும் காயப் போடுங்கள்.

இனி நெருப்பைப் பற்றி. நாம் இக்கட்டுரை எழுத முக்கியக் காரணமே இதுதான்.

அரபி அகராதிக்காரர்கள் ‘ஸகன்’ என்ற சொல்லுக்கு ‘நெருப்பு’ என்றும் ஒரு பொருள் தருகின்றனர். குளிரில் மனிதன் அதனருகே போய் ஆறுதல் அடைவதால் அப்பெயர். எவ்வளவு பொருத்தம்! ஆனால் புகாரி ஷரீஃபில் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு வீட்டாரோடு தீப்பிடித்து எரிந்தது. இச்செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியதும், நெருப்பு உங்கள் பகைவன், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். விழித்திருக்கும்போது ஆறுதல் தரும் அதே நெருப்பு, உறங்குகிறவனுக்குப் பகை.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரர் தண்ணீர் ஓதி வாங்கிப் போக நம்மிடம் வந்தார். வீடு சரியில்லை என்றார். விடிகாலையில் சின்னப் பிள்ளையை எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறதாம். எழுந்தால் தலைவலி, வாந்தி. தாயார் தஹஜ்ஜுதுக்கு எழுந்து இரண்டடி வைத்துச் சுருண்டு விழுந்தார்களாம். பகலில் யாருக்கும் ஒன்றுமில்லை. முன்பு குடியிருந்தவர்கள் ஏதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். நாம் மெதுவாக விசாரித்தோம். குளிருக்காக எல்லோரும் ஒரே அறையில் படுக்கை, ஜன்னல்கள் மூடல், கதவிடுக்கில் பழைய துணி அடைப்பு, நடுவில் இரும்புச் சட்டியில் கரிக் கங்கு! எந்தெந்த இரவுகளில் இப்படி ஆகின்றது என்று கேட்டோம். யோசித்துவிட்டு, சட்டி வைத்த இரவுகளில் என்றார்.

ஓதிக் கொடுத்தோம். நோயாளிக்கு ஓதுவது சுன்னத். கூடவே, இன்றிரவே அந்தச் சட்டியை வெளியே வையுங்கள், பிள்ளையையும் தாயாரையும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குக் கற்றுக் கொடுத்தது இப்படிப்பட்ட சமயங்களுக்குத்தான். மறு மாதம் வந்தபோது யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்.

இதில் ஜின்னும் இல்லை, செய்வினையும் இல்லை. கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் புகுந்து, இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் மயக்கமும் வரும். உறங்குகிறவன் உறக்கத்திலேயே போய்விடுவான். புகை தெரியவில்லையே, கங்குதானே என்பது ஏமாற்று. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வீட்டில் குளிர் காயப் போய், கணவன் மனைவியும் பிள்ளைகள் மூவரும் மூச்சுத் திணறி இறந்தார்கள். குளியலறையில் கதவை அடைத்துக்கொண்டு ஓடவிடும் எரிவாயு கீசரும் இதே வேலையைச் செய்யும்.

பங்களாக்களில் கணப்பு எரித்தார்களே என்று சிலர் கேட்பர். அந்தக் கணப்புக்கு மேலே கூரையைத் தாண்டி ஒரு புகைப்போக்கி நிற்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

மஸ்ஜிதில் தொங்கும் விளக்கு போன்றவற்றால் தீப்பிடிக்கும் அச்சம் இல்லையென்றால் குற்றமில்லை, ஏனெனில் தடைக்கான காரணம் அங்கே இல்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதியிருக்கின்றார்கள். காரணம் நீங்கினால் தடை தளர்கின்றது என்றால், காரணம் கூடினால் தடை இறுகத்தானே வேண்டும்? மூடிய அறையில் கரிச் சட்டி வைத்து உறங்குவதை விரும்பத்தகாதது என்ற அளவில் மட்டும் சொல்லி விட நமக்கு மனம் வரவில்லை. தன் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் ஆபத்தில் வைக்க மார்க்கம் இடம் தரவில்லை.

குளிர் காய வேண்டுமா? முற்றத்திலோ திறந்த வராந்தாவிலோ குடும்பத்தோடு உட்கார்ந்து காயுங்கள். எழும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுச் சட்டியை வெளியிலேயே விடுங்கள். தரைக் குளிருக்குத் தென்னை நார்ப் பாய் ஒன்று அடியில் போட்டு, அதன்மேல் விரிப்பு. கட்டிலை வெளிச் சுவரை விட்டு உள்ளே தள்ளிப் போடுங்கள். ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் வயதானவர்கள் நன்றாக உறங்குவார்கள். எந்த அறையிலும் காற்றுக்கு ஒரு வழி இருக்கட்டும்.

குளிருக்காக எல்லோரும் ஒரே அறையில் ஒடுங்குவதில் வேறொரு விஷயமும் இருக்கின்றது. இதைப் பேசப் பலர் கூச்சப்படுகின்றனர். ஆனால் குர்ஆன் பேசுகின்றது. ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனம் மூன்று நேரங்களைக் குறிப்பிட்டு, ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகலில் ஆடை தளர்த்தும் வேளையிலும், இஷாவுக்குப் பின்னும் பணியாளரும் பருவமடையாத சிறுவரும்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கின்றது. பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடும்படி ஹதீஸ் வந்திருக்கின்றது. அறை தனித்தனியாக இல்லாவிட்டாலும் விரிப்பும் போர்வையும் தனித்தனியாக இருக்கலாமே. ஏற்காட்டுக் குளிரில் ஒரு கம்பளி கூடுதலாக வாங்குவது நாம் மேலே கண்டித்த நான்காவது விரிப்பாகாது!

இனி மருமகளின் விஷயம். மனைவியைத் தன் வசதிக்கேற்பக் குடியமர்த்த வேண்டும் என்பது ஸூரத்துத் தலாக்கின் 6ஆம் வசனத்தின் கருத்து. இத்தாவில் இருப்பவர்களைப் பற்றி வந்த வசனமாயினும், மனைவியின் ஸுக்னா உரிமைக்கு இதை ஃபுகஹாக்கள் ஆதாரமாகக் கொள்கின்றனர். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா, அவள் தானே விரும்பினாலொழிய, கணவனின் உறவினர்கள் உடனில்லாத குடியிருப்பை அவளுக்குத் தரவேண்டும் என்கின்றது. அதற்குச் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. பிறர் இருந்தால் தன் பொருள் பத்திரமாக இருக்குமென்ற நிம்மதி அவளுக்கு இராது, கணவனோடு கலந்து பழகவும் அது தடையாகும். பெரிய வீட்டில் பூட்டுப் போடக்கூடிய ஓர் அறையை அவளுக்கென்று கொடுத்தால் போதுமானது என்றும் அந்நூல் கூறுகின்றது. பூட்டு என்ற ஒரு சிறு பொருளை அந்த இமாம்கள் எவ்வளவு நுட்பமாக யோசித்துச் சேர்த்திருக்கின்றார்கள்!

ஓர் அறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள லயன் வீட்டில் என்ன செய்வது? சக்திக்கு மீறி அல்லாஹ் கேட்பதில்லை. ஒரு தடுப்பு, அழுத்தமான ஒரு திரை, அவள் சாவியை அவளே வைத்துக் கொள்ளும் ஒரு பெட்டி ஆகியவை ஏழைக்கும் முடிந்தவையே. மாமியார்மார்கள் கோபிக்கலாகாது. மருமகளின் பெட்டியை அவளில்லாத நேரத்தில் திறந்து பார்க்கிற வீட்டில் எத்தனை கம்பளி இருந்தாலும் அவளுக்குக் குளிராகத்தான் இருக்கும்.

ஆண்களுக்கும் பங்குண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். மலையில் ஃபஜ்ருக்கு எழுந்து குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். சிரமமான நேரத்திலும் உளூவை நிறைவாகச் செய்வதற்குப் பெரும் நன்மை உண்டு. அதற்காக வெந்நீரை வேண்டுமென்றே ஒதுக்க வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்கள் சூடாக்கிய நீரில் உளூ செய்திருக்கின்றார்கள். எந்த வீட்டில் மகன் முதலில் எழுந்து அடுப்பு மூட்டி, தாய்க்கும் மனைவிக்கும் உளூவுக்கு வெந்நீர் எடுத்து வைக்கின்றானோ, அந்த வீட்டைப் பற்றி ‘ஒட்டவில்லை’ என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

வார்த்தையில் மென்மை வேண்டுமென்பதை விரிக்கத் தேவையில்லை. கத்திக்கு அரபியில் ‘ஸிக்கீன்’ என்று பெயர். அதுவும் இதே ஸீன், காஃப், நூன்தான். அறுபட்டதன் அசைவை அடக்கிவிடுவதால் அப்பெயர் என்கின்றனர். சில வீடுகளில் ஆண் உள்ளே நுழைந்ததும் சட்டென்று ஒரு நிசப்தம் விழும். அது ஸகீனத்தா, ஸிக்கீனா என்பதை அவரவர் யோசித்துக் கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு மஸ்அலா. சீஸன் மாதங்களில், முக்கியமாகக் கோடை விழா நடக்கும் மே மாதத்தில், ஏற்காட்டில் அறை கிடைப்பது அரிது. குடியிருப்பவர்கள் தம் வீட்டின் நல்ல அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தாங்கள் அடுப்படியில் சுருண்டு கொள்கின்றனர். இது கூடுமா என்று கேட்கின்றார்கள். சொந்த வீடாயின் வாடகை ஹலாலே. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும். ஆனால் மனைவிக்கென்று கொடுத்த அறை அவளுடைய ஸுக்னா. அவள் மனமுவந்து சம்மதிக்காமல் அதை இன்னொருவருக்கு விட முடியாது. “அவள் ஒன்றும் சொல்லவில்லையே” என்பது சம்மதமாகாது. அவளிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம் பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கின்றது. 29ஆம் வசனமோ, ஒருவரும் குடியிராத, ஆனால் மக்களுக்குப் பயன் உள்ள கட்டடங்களில் நுழைவதில் குற்றமில்லை என்கின்றது. பயணிகள் தங்கும் சத்திரம் போன்றவற்றை இதற்கு உதாரணமாக முஃபஸ்ஸிர்கள் கூறுகின்றனர். ஆகவே விருந்தினருக்கு விட்ட பகுதி சத்திரத்தின் வகையிலும், மற்றது வீட்டின் வகையிலும் சேரும். இரண்டும் கலந்துவிடலாகாது. அவர்களுக்கு வாசல் தனியாக வேண்டும். குளியலறையும் தனியாக இருப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவில் கதவு இருந்தால், அதன் தாழ்ப்பாள் வீட்டுப் பெண்கள் இருக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும்.